ஒன்பதாம் இடத்தில் இருக்கும் ஏழு

அம்பகாமம், மூன்றாம் பாதை, காலை பத்தேகால்.
கருவி ஒருதரம் விம்மி அடங்கியது.
முழங்காலில் நின்று பக்கவாட்டில் சுரண்டினேன்.
மேலிருந்து தோண்டுவதில்லை,
பயிற்சியில் முதல் சொல்வது அதுதான்.
ஒரு மணித்தியாலம் முழுக்கப் பாலை வேர்.
பிறகு நகமளவில் ஒரு செப்புக்காசு,
தேய்ந்த மூக்கு, பட்டி கட்டிய தலை.

படிவத்தில் மூன்று நிரல்:
கண்ணிவெடி, வெடிக்காத பொருள், பழைய இரும்பு.
எதில் போடுவதென்று அமலதாஸ் அண்ணைக்கும் தெரியவில்லை.
'உலோகம், வேறு' என்று விளிம்பில் எழுதித்
திகதி போட்டோம்: செப்ரெம்பர் நாலு.

தொல்லியல் ஆள் வவுனியாவிலிருந்து வர மூன்று நாள்.
பர்ஹானா மிஸ், மழைக்கோட்டைக் கழற்றாமலே
காசைப் பஞ்சில் வைத்து
உரோமருடையது என்றா, ஆயிரத்து அறுநூறு வருசம் என்றா.
'மாந்தைத் துறையில் இறங்கியிருக்கும்.
யாருடைய மடியில் இந்தக் காட்டுக்கு வந்ததென்று
என்னைக் கேட்காதேங்கோ.'
நான் கேட்டது வேறு:
விழுந்த திகதி தெரியுமா?

சிரித்தா. தேநீர் ஆறும்வரை
திகதிகளைப் பற்றியே கதைத்தா.
அவர்கள் நாளைப் பின்னாலிருந்து எண்ணினவர்களாம்.
இன்றைக்கு இருபது என்பதில்லை,
அடுத்த முதலாம் நாளுக்கு இன்னும் இத்தனை.
அந்த முதலாம் நாளில் வட்டி கட்டவேண்டும்.
கடன் கொப்பிக்கு வைத்த பெயர்தான்
பிறகு கலண்டராகிச் சுவரெல்லாம் தொங்கியது.
கொட்டிலுக்குள் ரதிமலர் அக்கா அகப்பையைக் கீழே வைத்தா.
செவ்வாய் தவறாமல் அவவிடம் நுண்கடன்காரர் வருவினம்.
அவவும் வேறுவிதமாய் எண்ணி நான் கண்டதில்லை.

முகாம் வாசலில் எங்கள் பலகை:
கடைசி விபத்திலிருந்து 212 நாட்கள்.
அது முன்னுக்குப் போகிற கணக்கு.

செப்ரெம்பர் என்றால் ஏழாவதாம்.
நிற்பது ஒன்பதாம் இடத்தில்.
முன்னால் இரண்டு மாதம் வந்து குந்தியதில்
ஒக்ரோபர், நவெம்பர், டிசெம்பர் எல்லாமே
இரண்டு வளவு தள்ளிப் போயிற்றுதுகள்.
பெயரை யாரும் மாற்றவில்லை.
ஆட்சிசெய்தவர்கள் தங்களுக்கென்று எடுத்த
யூலைக்கும் ஓகஸ்ற்றுக்கும் மட்டும் புதுப்பெயர்.

அடையாள அட்டையை எடுத்துப் பார்த்தேன்.
கேப்பாப்புலவு என்கிறது.
நான் படுப்பது அங்கிருந்து
இரண்டு முள்ளுக்கம்பி தள்ளி.

'அந்த இரண்டு மாதமும் முன்னம் எங்கே இருந்தது?'
இருக்கவேயில்லை என்றா.
ஆதியில் மாதம் பத்துத்தானாம்.
குளிர்காலத்தில் உழவில்லை, போரில்லை என்று
அந்த நாட்களை எண்ணாமலே விட்டிருக்கிறார்கள்,
பெயருமில்லை, இலக்கமுமில்லை,
பங்குனியில் மறுபடி ஒன்று.
'அப்ப அது தை, மாசி.'
'ஓம். தை, மாசி.'

உழவில்லாதது சரி.
தையில் நாங்கள் விசுவமடு. மாசியில் இரணைப்பாலை.
அந்த வருசக் கலண்டர் எங்களிடம் இல்லை.
தம்பி சுகுணன் இல்லாமற்போன நாளை
'அரிசி வண்டி வந்ததற்கு முதல்நாள்' என்றுதான் அம்மா சொல்லுவா.
எந்த வண்டி என்றால் எழும்பிப் போயிடுவா.

மோட்டார் சைக்கிளை உதைத்தபடி மிஸ் இன்னொன்று சொன்னா:
வைகாசியில் ஒற்றைப்படை இரவுகள் மூன்று.
வீட்டுக்காரன் நடுச்சாமம் வெறுங்காலோடு எழும்பி
கறுத்த அவரைவிதையைத் தோளுக்குப் பின்னால் போடுவானாம்.
ஒன்பது தரம் ஒரே வசனம்:
இதால் என்னையும் என்னவரையும் மீட்கிறேன்.
பின்னால் வருகிறவர்கள் பொறுக்குவார்கள்.
திரும்பிப் பார்க்கக் கூடாது.

வெறுங்கால் எங்களுக்கு விதியில் இல்லை.
பாதையில் எதையும் விழுத்தவும் கூடாது.
அடுத்தநாள் ரதிமலர் அக்காவின் பானையிலிருந்து
ஒரு பிடி கறுப்பு உழுந்து
சட்டைப் பைக்குள் கிடந்து உறுத்தியது.
பலகையில் 213.
காசு இருந்த குழியிலிருந்து தொடங்கினேன்.
ஒரு முழம் போகவில்லை, கருவி விம்மியது.
குனிந்தேன், பக்கவாட்டில்.